குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி

பரிணாமப் பாடம் தொடங்கும் வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் செம்மண் பொட்டலுக்கு ஒரு தூக்குவாளியோடு போய்விடுவேன், நெருஞ்சிக் காய் பொறுக்க. மழை ஓய்ந்து வெயில் ஏறிய பிறகு அங்கே காய்ந்து கிடக்கும். பாதி செருப்பின் அடியிலேயே குத்திக்கொண்டு வந்துவிடும், மீதியைக் கையால் பொறுக்க வேண்டும். ஒரு தடவை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், வீட்டுல யாருக்கும் கல்லடைப்பா?" என்று கேட்டார். "இல்லக்கா, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க" என்றேன். அவரும் கொஞ்சம் பொறுக்கிப் போட்டார்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 17 வருஷமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். கல்லல், திருமயம், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். முதல் ஆறேழு வருஷம் நானும் நோட்ஸ் கொடுத்தே பரிணாமத்தை முடித்தேன். லாமார்க் சொன்னது, டார்வின் சொன்னது, டீ விரீஸ் சொன்னது, வேறுபாடு எழுதுக. பிள்ளைகள் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினார்கள். எனக்குப் பாடம் நன்றாகப் போவதாகவே தோன்றியது.

பிறகு ஓர் இன்டர்னல் தேர்வில் மனப்பாடத்துக்கு இடம் கொடுக்காத ஒரு கேள்வி போட்டேன்: 'மனிதனுக்கு ஏன் வால் இல்லை?' வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பெண் எழுதியிருந்தாள்: 'குரங்கு மரத்தை விட்டு இறங்கி நடக்க முயற்சி செய்தது. வால் தேவைப்படாததால் அதை இழந்து மனிதனாக மாறிக்கொண்டது.' எழுத்துப்பிழைகூட இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் நோட்ஸை வரிக்கு வரி ஒப்பித்த பெண் அவள். அத்தனையும் மண்டைக்குள் போயும், அடியில் இருந்த பழைய கதையை அது அசைக்கவே இல்லை.

அந்தக் கதையிலிருந்துதான் எல்லா வருஷமும் அந்தக் கேள்வி வருகிறது. "மேடம், குரங்கிலேர்ந்து மனுஷன் வந்தான்னா, இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் மனுஷனாகல?" இதற்கு 'பொது மூதாதை' என்ற சொல்லைப் பதிலாகச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவார்கள், ஒட்டாது. ஒரு நாள் என்னையறியாமல் வாயில் வந்த சொல்தான் பங்காளி. "குரங்கு நமக்குத் தாத்தா இல்லப்பா, பங்காளி." வகுப்பு சிரித்தது, அப்புறம் அமைதியானது. அந்த அமைதியில்தான் எனக்கு வழி கிடைத்தது.

இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வம்சம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தார் வீட்டுப் பிள்ளையிடம் "நீங்க எந்தக் கோயில்?" என்று கேட்டால் அவர்களுடைய ஒன்பது குலக் கோயில்களில் ஒன்றைச் சொல்லிவிடும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம் என்று நீளும் வரிசையில் இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை, அதனால் அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை என்பது வரைக்கும் தெரியும். மற்ற சமூகத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். குலதெய்வம் ஒன்று என்றால் பங்காளி, வேறு என்றால் சம்பந்தம் பேசலாம் என்பது பத்து வயதிலேயே தெரிந்துவிடும். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் ஒரே பாட்டனின் வாரிசுகள் எல்லாம் கூடி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பரிணாம மரம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படம் அந்த வம்சாவளிதான், கொஞ்சம் நீளம் அதிகம்.

இப்போது பாடத்தின் முதல் மணி நேரத்தில் டார்வின் பெயரே எடுப்பதில்லை. ஆளுக்கொரு தாளில் அவரவர் பெயரைக் கீழே எழுதச் சொல்வேன். மேலே அப்பா, அதற்கு மேல் பாட்டன், பூட்டன், ஓட்டன். பெரும்பாலான தாள்களில் பூட்டனோடு பெயர் நின்றுவிடும். அப்புறம் பக்கத்தில் பெரியப்பா வீடு, சின்னத்தாத்தா வீடு என்று கிளை வரையச் சொல்வேன். "உன் பெரியப்பா மகன் உனக்குத் தாத்தாவா?" இல்லை. "அவர் நீயாக மாறப்போகிறாரா?" இல்லை. "உங்கள் இரண்டு பேருக்கும் மேலே யார்?" தாத்தா. அவ்வளவுதான். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான அந்தத் தாத்தா சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர். நம் கோயில் கோபுரங்களில் திரியும் குரங்குக்கும் நமக்கும் கிளை பிரிந்தது இன்னும் பழசு, இரண்டரைக் கோடி வருஷத்துக்குக் குறையாது.

இந்த எண்களை வெறுமனே சொன்னால் காற்றில் போய்விடும். அதனால் ஒரு கணக்கு போடச் சொல்வேன். தலைமுறைக்கு 25 வருஷம் என்று வைத்தால் 60 லட்சம் வருஷத்துக்கு 2,40,000 தலைமுறை. வரிக்கு ஒரு பெயர், பக்கத்துக்கு 40 வரி என்று எழுதினால் 6,000 பக்கம். இருநூறு பக்க நோட்டு முப்பது வேண்டும். அவர்களிடம் இருப்பது நான்கு வரி. முப்பது நோட்டை மேசையில் அடுக்கிக் காட்டியிருக்கிறேன். அந்த அடுக்கைப் பார்த்தபிறகு 'ஒரு நாள் குரங்கு மனிதனாக மாறியது' என்று யாரும் எழுதியதில்லை.

சரி, இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது? செட்டிநாட்டில் இதற்குப் பதில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. அண்ணன் கொண்டுவிற்க பர்மாவுக்குக் கப்பலேறினார், தம்பி ஊரிலேயே இருந்தார். அண்ணன் போனதால் தம்பி இல்லாமல் போய்விடுவாரா? இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும், நான் முதலில் அதைத் தவறவிட்டேன். ஊரில் இருந்த தம்பி வீடும் அப்படியே இருக்கவில்லை. இன்றைய குரங்கு நம் பழைய உருவம் இல்லை. அதுவும் தன் கிளையில் அத்தனை லட்சம் வருஷம் மாறி வந்ததுதான். இதைச் சொல்லாவிட்டால், குரங்கு பின்தங்கிவிட்ட பங்காளி என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி நெருஞ்சி. பசிபிக் பெருங்கடலில் இருக்கும் கலாபகசுத் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973 முதல் அங்கே போய் ஒவ்வொரு குருவியாகப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் மழையே இல்லை. சின்னச் சின்ன விதைகள் தீர்ந்துபோய், கடைசியில் மிஞ்சியது கெட்டியான முள்காய். அது நம் நெருஞ்சியின் பேரினம்தான், சிற்றினம் மட்டும் வேறு. இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பிள்ளைகள் காலில் குத்தி நொண்டிய முள்ளின் பங்காளிதான் அந்தத் தீவில் எந்தக் குருவி பிழைப்பது என்று முடிவு செய்திருக்கிறது.

வகுப்பில் செய்வது இதுதான். டிசெக்‌ஷன் பெட்டியில் இருக்கும் மெல்லிய ஃபோர்செப்ஸ் பாதிப் பேருக்கு, கொறடு பாதிப் பேருக்கு, அதுதான் அவர்கள் அலகு. தட்டில் கம்பும் நெருஞ்சியும் கலந்து கிடக்கும். ஒரு நிமிடம். முதல் சுற்றில் ஃபோர்செப்ஸ்காரர்கள் கம்பை மளமளவென்று எடுத்துவிடுவார்கள், கொறடுக்காரர்கள் தடுமாறுவார்கள். கம்பை எடுத்துவிட்டு நெருஞ்சியை மட்டும் வைத்தால் கதை தலைகீழ். காயை உடைத்து உள்ளே இருக்கும் விதையை எடுக்க வேண்டும். ஃபோர்செப்ஸ் வளைந்துவிடும், விரலில் முள் ஏறும். இதற்கு முன்பே பழைய ஃபோர்செப்ஸாகப் பார்த்து எடுத்துவைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆய்வகத்தில் கணக்குச் சொல்ல முடியாது. கையுறை இருந்தால் நல்லது.

ஒரு வருஷம் ஒரு பையன், தான் தோற்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடமிருந்து கொறடைப் பிடுங்கிக்கொண்டான். எல்லோரும் கத்தினார்கள். எனக்கோ அவன் பாடத்தையே எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. ஆட்டத்தை நிறுத்தி, "தம்பி, குருவி தன் அலகைக் கழற்றி வேறு அலகு மாட்டிக்கொள்ளுமா?" என்றேன். "மாட்டாது மேடம்." "அப்ப நீ?" "செத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். டாஃப்னி மேஜரில் அந்த வறட்சியில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அதிகம். எந்த ஒரு குருவியின் அலகும் வளரவில்லை. மெல்லிய அலகு கணக்கிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். பிழைத்தவற்றின் குஞ்சுகளும் அப்பா அம்மா போலவே தடித்த அலகோடு வந்தன. 1983-இல் கொட்டிய மழைக்குப் பிறகு சின்ன விதை பெருகவும், அடுத்து வந்த வருஷங்களில் காற்று சிறிய அலகின் பக்கம் திரும்பியது. இந்தப் பின்பாதியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தடித்த அலகு 'சிறந்த' அலகு இல்லை, அந்த வருஷத்துக்குப் பொருந்திய அலகு.

கொறடு பிடுங்கிய பையனுக்குப் பிறகுதான் என் மொழியை நானே கவனிக்க ஆரம்பித்தேன். நாம் எப்படிச் சொல்கிறோம்? 'சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது.' 'பாலைவனத்தில் வாழ்வதற்காக ஒட்டகம் திமிலை உருவாக்கிக்கொண்டது.' அந்தக் 'கொண்டது' என்ற வாலில்தான் கோளாறு. சட்டை போட்டுக்கொண்டான், பார்த்துக்கொண்டான் என்பது மாதிரி, தனக்காக, தானே, தெரிந்து செய்தது என்ற பொருளை அது கொண்டுவந்துவிடுகிறது. நான் நோட்ஸில் டார்வினைச் சொல்லிக்கொடுத்தேன், உயிர் தேவைக்கேற்பத் தானே மாறும் என்ற லாமார்க்கை என் வினைச்சொல் சொல்லிக்கொடுத்தது. அந்த வால் கேள்விக்கு 'மாறிக்கொண்டது' என்று எழுதிய பெண் என்ன செய்வாள்?

அதனால் என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்தப் பாடத்தின் விடையில் '-க்கொண்டது' வந்தாலும், 'வாழ்வதற்காக' மாதிரி '-அதற்காக' வந்தாலும் அடியில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இருந்தன, செத்தன, பிழைத்தன, பெற்றன. இந்த நான்கு வினையை வைத்து எழுதச் சொல்வேன். 'கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது' என்று எழுதியவள் அதை இப்படி மாற்றினாள்: 'மருந்தைத் தாங்கும் கொசுக்கள் சில முன்பே இருந்தன. மருந்து அடித்ததும் மற்றவை செத்தன. தாங்கியவை பிழைத்தன. அவை குஞ்சு பெற்றன.' கொசுவுக்குக் குஞ்சா என்று பக்கத்துப் பெண் சிரித்தாள், இருக்கட்டும். இயற்கைத் தேர்வை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு நிறுத்தும் பழக்கத்தால் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகுவதையும் இதே நான்கு வினையில் அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

'பரிணாம வளர்ச்சி' என்பதிலிருந்தும் வளர்ச்சியை எடுத்துவிட்டேன். பரிணாமம் போதும். வளர்ச்சி என்றால் கீழிருந்து மேலே ஏறுவது. குகை மீனுக்குக் கண் போனதும் பரிணாமம்தான், அதை எந்த வளர்ச்சியில் சேர்ப்பது? 'வலியது வாழும்' என்பதும் வேண்டாம். 'தக்கன பிழைக்கும்' என்ற பழைய மொழிபெயர்ப்பே நல்லது. அதில் வலிமை இல்லை, தகவுதான் இருக்கிறது.

கொறடு இல்லாத கல்லூரியில் இன்னொன்று செய்யலாம். கொள்ளு, பச்சைப்பயறு, உளுந்து, வெள்ளை மொச்சை, ஒவ்வொன்றிலும் 50. இரண்டு மீட்டர் சதுரத்தில் செம்மண் தரையில் தூவிவிட்டு, பிள்ளைகளைக் குருவியாக விட்டு 150 விதை பொறுக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதைத் தரையில் தேடி எண்ணாதீர்கள், மாலை ஆகிவிடும். பொறுக்கியதை எண்ணி 50-இல் கழித்தால் போதும். மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் மூன்று பிள்ளை என்று சேர்த்தால் மறுபடி 200. இரண்டு மூன்று தலைமுறையில் செம்மண் கொள்ளு மயமாகிவிடும். அதோடு நிறுத்திவிட்டால் கொள்ளுதான் உசத்தி என்று முடித்துவிடுவார்கள். அதே ஆட்டத்தைப் புல்தரையில் ஒரு முறை நடத்தினால் பச்சைப்பயறு பிழைக்கும். அப்புறம் கேளுங்கள், எந்தக் கொள்ளாவது நிறம் மாறியதா என்று.

சடுதி மாற்றம், அதாவது மரபணுவில் திடீரென்று வரும் மாற்றம் என்றதும் சினிமாவில் வரும் பூதம்தான் அவர்களுக்கு நினைவு வரும். அதைப் போக்க எனக்கு அரிசிதான் துணை. மேசையில் மூன்று கிண்ணம்: கவுனி அரிசி, மாப்பிள்ளைச் சம்பா, பொன்னி. இந்தப் பக்கத்துக் கல்யாண வீட்டில் கவுனி அரிசி இனிப்பைத் தின்னாத பிள்ளை கிடையாது. "இதில் எது பழைய நிறம்?" என்று கேட்டால் எல்லோரும் பொன்னியைக் காட்டுவார்கள். காட்டு நெல்லின் தோல் சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் காரணமான மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்து விடுபட்டுப் போனதால் வந்ததுதான் நாம் தின்னும் பெரும்பாலான வெள்ளை அரிசி. ஒரு மரபணு பழுதாகி, அது நன்றாக இருக்கிறது என்று யாரோ ஓர் உழவர் விதைக்கு எடுத்துவைத்திருக்கிறார். காட்டு நெல் முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராமல் நின்ற கதிர்தான் அரிவாளுக்குச் சிக்கியது, அதுதான் அடுத்த போகத்துக்கு விதையானது. "எங்கப்பா இப்பவும் நல்ல கதிராப் பாத்துத்தான் விதைக்கு எடுப்பாரு மேடம்" என்று சிங்கம்புணரிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து சொன்னான். அதுவரை வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதில்லை.

நாட்டுக்கோழி றெக்கையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஞாயிறு குழம்பில் வரும் றெக்கையைச் சுத்தமாகத் தின்றுவிட்டு எலும்பைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றால் போதும். மேல்கைக்கு ஒன்று, முன்கைக்கு இரண்டு, நுனியில் ஒட்டிப்போன விரல்கள். தன் கையைப் பக்கத்தில் வைத்து வரைவார்கள். இரண்டிலும் ஒரே எலும்பு வரிசை, கோழியும் தூரத்துப் பங்காளிதான். சைவ வீட்டுப் பிள்ளைகளைச் சங்கடப்படுத்தாமல் ஆய்வகத்தில் ஒரு செட் வைத்திருங்கள்.

கடவுள் கேள்வி வரும், வராமல் இருக்காது. ஆரம்ப வருஷம் ஒன்றில் ஒரு பையன், "நம்ம தசாவதாரமே பரிணாமம்தானே மேடம்? மீன், ஆமை, பன்றி, அப்புறம் மனுஷன்" என்றான். அவசரத்தில் "அதெல்லாம் அறிவியல் இல்லை, உட்காரு" என்றுவிட்டேன். அந்த செமஸ்டர் முடியும்வரை அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது என் தவறு, இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது அதே கேள்வி வந்தால் பலகையில் இரண்டு படம் போடுகிறேன், ஒரு ஏணி, ஒரு மரம். அவதார வரிசை ஏணி மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று. பரிணாமம் மரம். மீன் நிலத்துக்கு ஏறி முடிந்த பிறகும் மீன்கள் மீன்களாகவே கிளைத்துக்கொண்டு இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன, ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்க வேண்டாம், மறுக்கவும் வேண்டாம் என்கிறேன்.

குன்றக்குடிக்குப் பாதயாத்திரை போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒரு பெண், வகுப்பு முடிந்ததும் தனியாக நின்று, "இத நம்புனா சாமி இல்லன்னு ஆயிருமா மேடம்?" என்றாள். அவள் பயம் உண்மையான பயம். "நான் உன்ன எதையும் நம்பச் சொல்லலம்மா. இந்தக் குருவிய அளந்தாங்க, இந்த எலும்பு இப்படி இருக்கு, இந்த மரபணுல இது விடுபட்டிருக்கு. இதையெல்லாம் பாத்து என்ன தோணுதுன்னு எழுது. சாமி விஷயத்துல என் பாடத்துக்கு வேலை இல்ல" என்றேன். முகம் தெளிந்தது. அந்த செமஸ்டரில் மிக நல்ல ரெக்கார்டு நோட்டு அவளுடையது. தேவாலயத்துக்குப் போகும் பிள்ளைகளும் பள்ளிவாசலுக்குப் போகும் பிள்ளைகளும் இதையே வேறு சொல்லில் கேட்பார்கள். பதில் ஒன்றுதான். வகுப்பின் நடுவில் சொல்லாமல், தனியாக, நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

செமஸ்டரின் கடைசியில் திருப்பத்தூர் பக்கம் இருக்கும் வேட்டங்குடிக்குக் கூட்டிப்போவேன். அங்கே கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும் 1977-தான், டாஃப்னி மேஜரில் வறட்சி வந்த அதே வருஷம். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாதவர்கள். அதனால் பிள்ளைகளும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தாமாகவே குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். ஒரே கண்மாயில் வாளி மாதிரி அலகு, கரண்டி மாதிரி அலகு, ஈட்டி மாதிரி அலகு. இவை ஒரே குடும்பத்து அலகுகள் இல்லை என்று மட்டும் நினைவூட்டுவேன். இங்கே நாரைகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய பங்காளி, கூழைக்கடா தூரத்துச் சொந்தம்.

போன தடவை நத்தைகுத்தி நாரையின் கூட்டைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கூப்பிட்டாள். வளர்ந்த பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிக்க அது உதவுகிறது என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன். செமஸ்டரின் முதல் வாரத்தில் குரங்கு ஏன் இன்னும் மனிதனாகவில்லை என்று கேட்டவள் அவள்தான்.

"மேடம், குஞ்சோட அலகுல அந்தச் சந்தே இல்லயே. நேரா மூடுது."

"ஆமாம்மா, குஞ்சுக்கு இருக்காது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப நத்தைய உடைச்சு உடைச்சுத் தேய்ஞ்சு வருதா, இல்ல மரபணுலயே இருந்து வயசானா வருதா? தேய்ஞ்சு வர்றதுன்னா, நத்தையே குடுக்காம ஒரு குஞ்ச வளத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்ல?"

நான் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். குஞ்சு வாயைத் திறந்து மூடியது. பக்கத்தில் நின்ற பையன் தன் நோட்டில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தான்.